காய்ச்சல் எத்தனையாவது நாள்? 2020இல் அக்கம்பக்க மருந்தகங்களுக்குச் சென்ற சுற்றறிக்கைகளின் கதை

2020 ஜூலை மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாளே புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகத்துக்குப் போனார். தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது என்றார். கவச உடையும் முகக்கவசமும் அணிந்திருந்த மருத்துவர் மூக்கில் சளி மாதிரி எடுத்து, ஐந்து நாள் மருத்துவ விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார். கொவிட்-19 தொற்று இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் அதே மருத்துவரிடம் திரும்பப் போனபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கிள், காய்ச்சல் இன்றோடு எத்தனையாவது நாள்?” என்பதுதான். உடனே ரத்தம் எடுத்தார். டெங்கி. தட்டணுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம்.

“முதல் நாளே ரத்தம் எடுத்திருக்கலாமே” என்று அம்மா பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. செய்தியாளர் வேலைக்கு வந்த பிறகு, அந்த ஆண்டில் மருத்துவர்களுக்கு என்னென்ன தகவல்கள் எந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தன என்பதைத் தேடிப் படித்தபோதுதான், எங்கள் மருத்துவர் எவ்வளவு குறுகலான பாதையில் நடந்துகொண்டிருந்தார் என்பது விளங்கியது. சிங்கப்பூரில் சளி, காய்ச்சல் போன்ற உடனடித் தேவைகளுக்கு மருத்துவரைப் பார்ப்போரில் பெரும்பாலானோர் போவது இப்படிப்பட்ட தனியார் மருந்தகங்களுக்குத்தான். பெருந்தொற்றின்போது நாடு முதலில் சாய்ந்து நின்றதும் அவர்கள் மீதுதான்.

சார்ஸ் கற்றுத் தந்தது

2003ஆம் ஆண்டு சார்ஸ் சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றியது. 33 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தனர். புதிய கிருமி ஒன்று நுழையும்போது அதை முதலில் பார்க்கப்போவது பெரிய மருத்துவமனையின் நிபுணர் அல்ல, காய்ச்சல் என்று வரும் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பொது மருத்துவர்தான் என்பது அப்போது தெளிவாகப் புரிந்தது.

2009இல் எச்1என்1 காய்ச்சல் வந்தபோது, இதற்கெனப் பதிவுசெய்துகொண்ட தனியார் மருந்தகங்கள் களத்தில் இறக்கப்பட்டன. பின்னர் புகைமூட்டக் காலத்திலும் அந்த ஏற்பாடு கைகொடுத்தது. பொதுச் சுகாதார ஆயத்தநிலை மருந்தகங்கள் என்று அவற்றுக்குப் பெயர். பெயர் நீளம், வாசலில் ஒட்டியிருக்கும் அடையாளத்தாள் சிறியது. நம்மில் பலர் அதைக் கவனித்ததே இல்லை.

2020 ஜனவரி 23ஆம் தேதி சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 சம்பவம் உறுதியானது. பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. பேரங்காடிகளில் அரிசியும் நூடல்சும் காலியான அந்த வாரயிறுதி பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த வாரம், இந்த மருந்தகங்கள் மறுபடியும் செயல்படுத்தப்படும் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. பிப்ரவரி 18 முதல், சுவாசத் தொற்று அறிகுறிகளோடு வரும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அங்கு 10 வெள்ளி கட்டினால் போதும். முன்னோடித் தலைமுறைக்கும் மெர்டேக்கா தலைமுறைக்கும் 5 வெள்ளி.

கட்டணத்தைவிட முக்கியமானது அதோடு வந்த இன்னொரு அறிவுரை: இருமல், சளி, தொண்டைவலி என்று வருவோருக்கு ஐந்து நாள் மருத்துவ விடுப்பு கொடுங்கள். வழக்கமாக ஒரு நாள், இரண்டு நாள் கொடுத்துப் பழகிய மருத்துவர்களுக்கு இது பெரிய மாற்றம். முதலாளிகளுக்கு எரிச்சல். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. சாதாரணச் சளி ஐந்து நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாமல் நீடித்தால் அதே மருத்துவரிடம் திரும்பி வரவேண்டும், அப்போது அவர் சந்தேகப்படுவார். கிருமியை அடையாளம் காணும் சோதனை பற்றாக்குறையாக இருந்த நாள்களில் ஐந்து நாள் காத்திருப்பதே ஒரு சோதனைபோலப் பயன்பட்டது. பின்னர், அந்த விடுப்பில் இருப்பவர் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டமாகவே ஆனது.

‘அதே மருத்துவரிடம்’ என்பதை மக்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஒரு மருந்தகத்தில் குணமாகவில்லை என்றால் அடுத்த புளோக்கில் இருக்கும் மருந்தகத்துக்குப் போவது நம் வழக்கம். புதிய மருத்துவருக்கு அது முதல் நாள். பழைய மருத்துவருக்கு அது நான்காம் நாள். நோயைக் கண்டுபிடிப்பதில் அந்த வித்தியாசம் பெரியது.

மாறிக்கொண்டே இருந்த வரையறை

மருத்துவர்களுக்கு அமைச்சிடமிருந்து சுற்றறிக்கைகள் வருவது புதிதல்ல. தடுப்பூசி, மருந்து எச்சரிக்கை என்று ஆண்டு முழுவதும் வரும். 2020இல் அவற்றின் எண்ணிக்கையும் வேகமும் மாறின. அவற்றில் அதிகம் திருத்தப்பட்ட பகுதி, ‘யாரைச் சந்தேகப்பட வேண்டும்’ என்ற வரையறை.

தொடக்கத்தில் கேள்வி எளிமையானது: வூஹானுக்குப் போனீர்களா? அது விரைவில் ஹூபெய் மாநிலம் என்றாகி, பிறகு சீனாவின் பெருநிலப்பகுதி முழுவதும் என்றானது. தென்கொரியாவின் டேகு நகரம் பட்டியலில் சேர்ந்தது. மார்ச் மாதத்துக்குள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கேட்க வேண்டிய நிலை. உள்ளூரிலேயே தொற்று பரவத் தொடங்கிய பின் பயணக் கேள்வி மட்டும் போதவில்லை. நிமோனியா இருக்கிறதா, தொற்றியவரோடு தொடர்பு இருந்ததா, தங்கும் விடுதியில் இருக்கிறாரா என்று கேள்விகள் நீண்டன. வாசனையும் சுவையும் தெரியாமல் போவதும் அறிகுறிதான் என்பது உலகெங்கும் மெல்ல மெல்லத்தான் ஏற்கப்பட்டது. பிரிட்டன் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் அதைச் சேர்த்தது மே 18ஆம் தேதிதான்.

காலை எட்டரை மணிக்குக் கடை திறக்கும் மருத்துவர் நேற்றிரவு வந்த சுற்றறிக்கையைப் படித்திருக்க வேண்டும். படித்ததை முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் வாசலில் நிறுத்தி முதல் கேள்வியைக் கேட்பவர் அவர்தான். ஒருவர் மட்டுமே மருத்துவராக இருக்கும் மருந்தகத்தில் இதற்கென்று தனி ஆள் கிடையாது. நோயாளி குறைந்து வருமானமும் இறங்கிய மாதங்களில் இந்தக் கூடுதல் வேலையும் சேர்ந்துகொண்டது.

பிறகு சளி மாதிரியை மருந்தகத்திலேயே எடுத்து, முடிவு வரும்வரை நோயாளியை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பும் திட்டம் வந்தது. அதற்கு முன்பு சந்தேகத்துக்குரியவர் எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

‘கடுமையான’ என்ற ஒரு சொல்

இங்கே ஒரு மொழிச் சிக்கலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் படித்தவள் என்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் ஜூன் 1ஆம் தேதி முடிந்து, ஜூன் 19ஆம் தேதி இரண்டாம் கட்டத் தளர்வு தொடங்கியது. மக்கள் மீண்டும் நடமாடத் தொடங்கினால் சமூகத்தில் பரவலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஜூலை 1 முதல், 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்‌ஷன்’ என்று மருத்துவர் கண்டறிந்தால், முதல் வருகையிலேயே சோதனை செய்யவேண்டும் என்று விதி வந்தது. பின்னர் அந்த வயது 13க்குக் குறைக்கப்பட்டது.

அந்த ஆங்கிலத் தொடரைத் தமிழில் ‘கடுமையான சுவாசத் தொற்று’ என்று பல இடங்களில் எழுதினோம், படித்தோம். ‘அக்யூட்’ என்றால் மருத்துவத்தில் கடுமை என்று பொருள் அல்ல. திடீரெனத் தொடங்கி, சில நாள்களே நீடிப்பது என்று பொருள். நீண்டநாள் நோய்க்கு எதிர்ச்சொல் அது. லேசான தொண்டைக் கரகரப்பும் அதில் அடங்கும். ஆனால் ‘கடுமையான’ என்ற சொல்லைப் படிக்கும் நம் வீட்டுப் பெரியவர் என்ன நினைப்பார்? மூச்சு முட்டினால்தான் போகவேண்டும் போலிருக்கிறது என்று நினைப்பார். என் அம்மா அப்படித்தான் நினைத்தார். “இவருக்கு லேசாகத்தானே கரகரக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். அப்பா பிடிவாதக்காரர், போய்விட்டார். ‘திடீர் சுவாசத் தொற்று’ என்று எழுதியிருந்தால் குழப்பம் குறைந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கொசு ஓய்வெடுக்கவில்லை

அந்த ஆண்டு நடுப்பகுதியில் மருத்துவர்கள் இரண்டு பரவல்களை ஒரே நேரத்தில் எதிர்கொண்டார்கள். சிங்கப்பூரில் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வெப்பமான மாதங்கள் டெங்கிக் காலம். அதுவரை மோசமான ஆண்டாக இருந்த 2013இல் 22,170 பேருக்கு டெங்கி கண்டிருந்தது. 2020இல் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டது. ஆண்டு முடிவில் 35,000க்கும் மேல். ஜூலையில் ஒரே வாரத்தில் 1,700க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

காரணங்கள் பல. டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. இங்கு நீண்டகாலமாக முதல் இரண்டு வகைகளே மாறி மாறி ஆதிக்கம் செலுத்தியதால், மூன்றாம் வகைக்கு எதிரான தடுப்பாற்றல் மக்களிடம் குறைவு. 2020இல் அந்த மூன்றாம் வகை பரவியது. அத்தோடு, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. எல்லாரும் பகலில் வீட்டில் இருந்தோம். அலுவலகக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் வீட்டுச் சன்னலைத் திறந்துவைத்து மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்பு இடைவெளி நடவடிக்கைகளால் சிங்கப்பூரில் டெங்கிப் பரவல் கூடியது என்று பின்னர் வெளிவந்த ஆய்வும் சொன்னது.

இப்போது மருத்துவரின் நிலையைப் பாருங்கள். இரண்டுக்கும் காய்ச்சல் பொது. தலைவலி, உடல்வலி, சோர்வு பொது. இரண்டிலும் தட்டணுக்கள் குறையலாம். டெங்கி என்று முடிவுசெய்து, உள்ளே இருப்பது கொவிட்-19ஆக இருந்தால் காத்திருப்போர் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆபத்து. கொவிட்-19 என்றே பார்த்துக்கொண்டிருந்து, உண்மையில் டெங்கியாக இருந்தால் நோயாளிக்கு ஆபத்து.

இது கற்பனைப் பயம் அல்ல. 2020 மார்ச் மாதம் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழ் ஒன்றில், சிங்கப்பூர் மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். இருவருக்கும் வயது 57. அவர்களில் ஆடவர், முதலில் மருத்துவமனைக்குப் போய் டெங்கி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். காய்ச்சல் நீடித்ததால் பொது மருந்தகத்துக்குப் போனார். அங்கு விரைவுச் சோதனையில் டெங்கி என்று வந்தது. டெங்கி நோயாளியாகவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகுதான் கொவிட்-19 என்று தெரிந்தது. அவரது பழைய ரத்த மாதிரியைத் திரும்பச் சோதித்தபோது டெங்கியே இல்லை. சோதனை அட்டை பொய் சொல்லியிருந்தது. பெண்ணுக்கும் அதே கதை. இருவரும் சீனாவுக்குப் போய்வந்தவர்களும் அல்லர்.

இந்தச் செய்தி இங்கிருந்த ஒவ்வொரு பொது மருத்துவருக்கும் எப்படி இருந்திருக்கும்? விரல் நுனியில் ரத்தம் எடுத்துக் கால்மணி நேரத்தில் முடிவு சொல்லும் அட்டையை முழுதாக நம்ப முடியாது. ஆனால் அதை விட்டால் மருந்தகத்தில் கைவசம் வேறில்லை.

நாள் கணக்கு ஏன் முக்கியம்

அப்பாவின் மருத்துவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். டெங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனை காய்ச்சலின் முதல் சில நாள்களில்தான் நன்றாக வேலை செய்யும். உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பகமானது. தவறான நாளில் தவறான சோதனை செய்தால் ‘இல்லை’ என்று வரும். தட்டணுக்களும் முதல் நாளில் பெரும்பாலும் வழக்கம்போலவே இருக்கும். ஆக, அப்பாவுக்கு முதல் நாளே ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்திருந்தால் எண்கள் நன்றாகவே இருந்திருக்கக்கூடும். நாங்கள் இன்னும் அசட்டையாக இருந்திருப்போம். அம்மாவிடம் இதை விளக்கினேன். பாதி ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று, டெங்கியில் காய்ச்சல் விட்டவுடன் குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, எழுந்து நிற்க முடியாத சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள். கொவிட்-19இல் கவனிக்க வேண்டியதோ மூச்சு. அது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து மோசமாகும். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு வேறு நாள்காட்டிகளை மருத்துவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

மாத்திரையிலும் குழப்பம் வந்தது. கொவிட்-19 நோயாளிகள் இபுபுரோஃபன் சாப்பிடக்கூடாது என்று 2020 மார்ச் 14ஆம் தேதி பிரான்சின் சுகாதார அமைச்சர் எச்சரிக்க, அது வாட்ஸ்அப்பில் பறந்தது. சில நாள்களிலேயே, அதைத் தவிர்க்கச் சொல்லப் போதிய காரணம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. சரி, அப்படியானால் சாப்பிடலாமா? டெங்கி உள்ள ஊரில் பதில் வேறு. டெங்கியில் இபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமோல் மட்டுமே என்பதே இங்கு மருத்துவர்களின் பழைய விதி. ஐரோப்பாவில் நடந்த விவாதம் அதை மாற்றவில்லை. இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஜூனில் வந்த இரண்டு செய்திகள்

2020 ஜூன் நடுவில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு அறிவிப்புகள். கொவிட்-19க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன்படுத்த அளித்திருந்த அவசர அனுமதியை ஜூன் 15ஆம் தேதி அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பப் பெற்றது. ஜூன் 16ஆம் தேதி, டெக்சாமெத்தசோன் என்ற விலை மலிவான பழைய மருந்து உயிர் காக்கிறது என்று பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வுக்குழு அறிவித்தது. சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உயிர்வாயு மட்டும் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு.

தலைப்புச் செய்தியில் வராத பகுதிதான் பொது மருத்துவருக்கு முக்கியம்: உயிர்வாயு தேவைப்படாத நோயாளிக்கு அந்த மருந்தால் பயன் தெரியவில்லை. மருந்தகத்துக்கு நடந்து வருபவர்கள் எல்லாரும் அந்த வகைதான். நீரிழிவு உள்ளவருக்கு அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். “செய்தியில் சொன்னார்களே, எனக்கும் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்வதும் அந்த மாதங்களில் மருத்துவரின் வேலையாக இருந்தது.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. நீரிழிவு கொவிட்-19ஐயும் மோசமாக்கும், டெங்கியையும் மோசமாக்கும். அப்படியிருந்தும் கிருமிக்குப் பயந்து வழக்கமான பரிசோதனைக்குப் போகாமல் இருந்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே ஏப்ரல் 2020 முதல் நாள்பட்ட நோய்களுக்குக் காணொளி வழி மருத்துவரைப் பார்க்க சாஸ் கழிவையும் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்த வழிவிடப்பட்டது. திரையைத் தொட்டுப் பழகாத தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் உதவினால்தான் அது நடந்தது.

தமிழ்நாட்டு உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கபசுரக் குடிநீர்க் குறிப்பும் பப்பாளி இலைச் சாற்றுக் குறிப்பும் எங்கள் வீட்டுக்கும் வந்தன. குடித்தீர்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. குடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பா சொல்லவில்லை, கோபித்துக்கொள்வார் என்று பயம். வாந்தி எதனால் என்று மருத்துவமனையில் ஒரு மணி நேரம் குழம்பினார்கள்.

கண்டுபிடித்தால்தான் கொசுவும் பிடிபடும்

டெங்கி, மருத்துவர் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய நோய். 150 மீட்டர் சுற்றளவுக்குள் 14 நாள்களில் இரண்டு பேருக்கு வந்தால் அது குழுமம். பத்துப் பேரைத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் எந்தப் புளோக்கில் பூந்தொட்டித் தட்டுகளைப் பார்ப்பது என்பது இந்தத் தகவலை வைத்துத்தான் முடிவாகிறது. காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்து எழுந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கொவிட்-19 பயத்தில் மருந்தகம் போகாதவர் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு எச்சரிக்கையை இழக்கச் செய்தார்.

2022இல் டெங்கி மறுபடியும் 32,000ஐத் தாண்டியது. தொற்றுநோய்களைக் கையாள்வதற்கென்றே தனி அமைப்பு 2025 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்டுள்ளது. பொது மருந்தகங்களுக்கு அடுத்த சுற்றறிக்கை எந்தக் கிருமியைப் பற்றி வரும் என்பது தெரியாது. ஆனால் மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகள் அதிகம் மாறப்போவதில்லை: காய்ச்சல் எப்போது தொடங்கியது, எங்கே போனீர்கள், வீட்டில் வேறு யாருக்கு, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், இதற்கு முன் வேறு மருந்தகம் போனீர்களா.

எங்கள் வீட்டில் இப்போது குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைய கட்டத்தில் அப்பா ‘1’ என்று எழுதிவிடுவார். மறுநாள் ‘2’. மூன்றாம் நாள் எழுதும்போதே செருப்பை மாட்டிக்கொள்வார்.